செஞ்சிக் கோட்டையின் தண்ணீர்க் கணக்கு

பாரிஸ் நகரில் 2025 ஜூலையில் கூடிய யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழு, மராத்தியர்களின் ராணுவ வரலாற்றோடு தொடர்புடைய 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று, விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள நம் செஞ்சிக் கோட்டை. மாமல்லபுரம், சோழர் பெருங்கோயில்கள், நீலகிரி மலை ரயில், மேற்குத் தொடர்ச்சி மலை ஆகியவற்றின் வரிசையில் தமிழகத்திலிருந்து செஞ்சியும் இப்போது இடம்பெற்றிருக்கிறது.

மகிழத்தக்க செய்திதான். ஆனால், விழாக் கொண்டாட்டங்கள் முடிந்த பிறகு என்ன செய்யப் போகிறோம் என்பதே முக்கியமான கேள்வி. பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாணவி கேட்ட கேள்வி, இந்த அறிவிப்பைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது.

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாகச் செஞ்சி ஏறக்குறைய 100 கி.மீ. தொலைவு. பொருளியல் மாணவர்களை அங்கே கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தேன். ராஜகிரி மலையடிவாரத்தில் நின்று, முகலாயப் படை இந்தக் கோட்டையைப் பிடிக்க ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் காத்துக்கிடந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் நின்ற ஒரு மாணவி, ''ஐயா, அத்தனை வருடமும் உள்ளே இருந்தவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?'' என்று கேட்டார். எங்கள் ஊர்ப் பீங்கான் சூளைகளுக்கு அருகே குடியிருந்தவர் அவர். தெருக்குழாயில் குடங்களை நிரப்பி வீட்டில் வைத்துவிட்டு முதல் பாடவேளைக்கு ஓடிவருபவர். மற்றவர்கள் மதிலையும் பீரங்கி மேடையையும் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் தண்ணீரைத் தேடியதில் வியப்பில்லை.

அன்று என்னால் முழுமையான விடை சொல்ல முடியவில்லை. பிறகு தேடிப் படித்தேன். அந்தத் தேடலில் கிடைத்த செய்திகள், இன்று செஞ்சியை எப்படிக் காக்க வேண்டும் என்பதற்கும் விடை தருகின்றன.

கோட்டையின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆனந்தக் கோன் என்பவர் இங்கு அரணமைத்தார் என்பது மரபு வரலாறு. அதன் பின்னர் விஜயநகரப் பேரரசின் ஆளுகையில் நாயக்கர்கள் கோட்டையை விரிவாக்கினர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் இணைத்து ஓடும் மதிலின் நீளம் சுமார் 13 கி.மீ. 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பீஜப்பூர் சுல்தானின் படை கோட்டையைக் கைப்பற்றியது. 1677-இல் சிவாஜி அதனை வென்றார். அவருடைய மகன் சம்பாஜி 1689-இல் ஒளரங்கசீப்பால் கொல்லப்பட்ட பிறகு, இளைய மகன் ராஜாராம் தப்பிவந்து செஞ்சியைத் தன் தலைநகராக்கினார். 1690-இல் தொடங்கிய சுல்பிகர் கானின் முற்றுகை 1698-இல்தான் முடிவுக்கு வந்தது. அதற்குள் ராஜாராம் கோட்டையிலிருந்து வெளியேறிவிட்டார்.

தெருக்கூத்திலும் நாட்டார் பாடல்களிலும் வாழும் தேசிங்கு ராஜன், ஆற்காடு நவாபை எதிர்த்து 1714-இல் போர்க்களத்தில் மாண்டார். 1750-இல் பிரெஞ்சுக்காரர்களும், 1761-இல் ஆங்கிலேயர்களும் கோட்டையைக் கைப்பற்றினர். 'கிழக்கின் டிராய்' என்று ஐரோப்பியர் இதனைக் குறிப்பிட்டனர். இந்த வரலாற்றை முழுமையாக அறிய விரும்புவோர், அண்ணாமலைப் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் சி.எஸ். சீனிவாசாச்சாரி 1943-இல் வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூலைப் படிக்கலாம்.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். முற்றுகை எல்லா நாள்களிலும் இறுக்கமாக இருக்கவில்லை என்பது உண்மை. வெளியிலிருந்து தானியம் வந்த காலங்களும் உண்டு. அதனைச் சேமித்து வைக்கும் பெரிய களஞ்சியங்களை இன்றும் அடிவாரத்தில் காணலாம். ஆனால், தானியத்தைப் போலத் தண்ணீரை இரவோடு இரவாக மூட்டை கட்டிக் கொண்டுவர இயலாது. ஆயிரக்கணக்கான மனிதர்களுக்கும், குதிரைகளுக்கும், யானைகளுக்கும் நாள்தோறும் வேண்டிய நீர் மதிலுக்குள்ளேயே கிடைத்தாக வேண்டும்.

செஞ்சியைக் கட்டியவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். மலை மேல் பாறைச் சுனைகள். பாறைச் சரிவில் வழியும் மழைநீரைப் பிடித்து வைக்கும் தொட்டிகள். அடிவாரத்தில் செட்டிக்குளம், சக்கரக்குளம். உள்கோட்டையில் ஆனைக்குளம் என்று, பெய்யும் மழை எந்த மட்டத்தில் விழுந்தாலும் அந்த மட்டத்திலேயே தேங்குவதற்கு ஓர் இடம் இருந்தது. கருங்கற் குன்றில் மழைநீர் உள்ளிறங்காது, அப்படியே ஓடிவிடும். அந்தக் குறையையே நிறையாக்கி, குன்றின் உடம்பையே நீர்ப்பிடிப்புப் பரப்பாக மாற்றியிருக்கிறார்கள்.

இவை அனைத்தையும்விட என்னைக் கவர்ந்தது கல்யாண மகால். சதுர முற்றத்தின் நடுவே, அடுக்கடுக்காக உயர்ந்து கூம்பு வடிவில் முடியும் கோபுரக் கட்டடம் அது. கோட்டைக்கு வெளியே இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுட்ட மண் குழாய்களின் வழியே நீர் கொண்டுவரப்பட்டு, அதன் மேல் மாடங்கள் வரை ஏற்றப்பட்டதாகப் பழைய மாவட்டக் குறிப்புகள் கூறுகின்றன. மோட்டார் இல்லாத காலத்தில் நீர் எப்படி மேலே ஏறும்? விடை எளியது. ஒன்றோடொன்று இணைந்த குழாயில், நீர் தான் புறப்பட்ட மட்டத்துக்கு மீண்டும் எழ முயலும். தேக்கம் உயரத்தில் இருந்தால் போதும். குழாயில் கசிவு இல்லாமல் இருக்க வேண்டும். முதல் தேவையை மலை பார்த்துக்கொண்டது. இரண்டாவது தேவையை நிறைவேற்றியவர் பெயர் தெரியாத குயவர்.

பீங்கான் நகரம் என்று பெயர் பெற்ற ஊரில் வாழ்பவனுக்கு இது சிறிய செய்தியல்ல. விருத்தாசலத்தின் களிமண்ணும், நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் வெண்களிமண்ணும் சேர்ந்து எங்கள் ஊரில் ஒரு தொழிலையே உருவாக்கின. மின்சார பியூஸ் கேரியர் முதல் அகல் விளக்கு, கொலு பொம்மை வரை இங்குள்ள சூளைகளிலிருந்து வெளியூர்களுக்குப் போயின. மண்ணைக் குழைத்து, காயவைத்து, சரியான சூட்டில் சுட்டு, நீர் கசியாத பொருளாக்கும் அறிவு இந்த வட்டாரத்தின் பழைய சொத்து. செஞ்சியின் வரலாற்றில் வாளேந்தியவர்களின் பெயர்கள் உள்ளன. குழாய் செய்தவர்களின் பெயர்கள் இல்லை.

நீர் கோட்டையைக் காத்தது என்பது கதையின் ஒரு பாதிதான். மறு பாதியும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் செஞ்சியில் தங்கிய ஐரோப்பியப் படைகள், போரைவிடக் காய்ச்சலுக்கே அதிகம் அஞ்சின. கர்நாடகப் பகுதியிலேயே உடல்நலத்துக்கு மிகவும் ஒவ்வாத இடம் என்று செஞ்சி அக்காலத்தில் பெயர் எடுத்திருந்தது. தொடர்ந்த போர்களால் ஊர் கலைந்து, குளங்களைத் தூர்வாரவும் வாய்க்கால்களைச் செப்பனிடவும் ஆளில்லாமல் போனால், தேங்கிய நீர் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பராமரிக்கப்படும் வரைதான் குளம் அரண். கைவிடப்பட்டால் அதுவே நோய்க்கிடங்கு.

இங்கேதான் பொருளியல் நுழைகிறது. எந்தப் பொதுச் சொத்துக்கும் இரண்டு செலவுகள் உண்டு. ஒன்று, கட்டும் செலவு. மற்றொன்று, காக்கும் செலவு. கட்டும் செலவுக்குக் கல்வெட்டு உண்டு, திறப்பு விழா உண்டு, நாடாவும் கத்தரிக்கோலும் உண்டு. காக்கும் செலவுக்கு இவை எதுவும் இல்லை. ஆகவே, மன்னராட்சியானாலும் மக்களாட்சியானாலும் ஆட்சியாளர்கள் முதலாவதை விரும்புகிறார்கள். இரண்டாவதை ஒத்திப் போடுகிறார்கள்.

நம் முன்னோர் இந்தப் பலவீனத்தை அறிந்திருந்தார்கள். தண்ணீர்ப் பந்தலுக்காக நிலம் விட்ட செய்திகள் சோழர் காலக் கல்வெட்டுகளில் உள்ளன. நீர் இறைப்பவருக்கு, நீர் ஊற்றுபவருக்கு, மண்கலம் தரும் குயவருக்கு என்று காக்கும் செலவு தனித்தனியாகப் பிரித்து ஒதுக்கப்பட்டது. பந்தல் போட்டதோடு புண்ணியம் முடிந்துவிட்டதாக அவர்கள் எண்ணவில்லை. அந்தப் பந்தலில் 10 ஆண்டுகள் கழித்தும் தண்ணீர் இருக்க வேண்டுமானால், குயவருக்கு 10 ஆண்டுகளும் கூலி கிடைக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். ஏரிகளுக்கு அமைந்த குடிமராமத்து முறையும் இதே அறிவின் விளைவுதான்.

பொதுச் சொத்து என்றாலே பாழாகும் என்ற கருத்து 1960-களின் இறுதியில் வலுவாகப் பேசப்பட்டது. அதனை மறுத்து, பயன்படுத்துவோரே விதி வகுத்துக் கண்காணித்தால் பொதுச் சொத்து பல நூற்றாண்டுகள் நீடிக்கும் என்று நிறுவியவர் அமெரிக்க அறிஞர் எலினோர் ஆஸ்ட்ராம். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர். அவர் முன்வைத்த சான்றுகளில் பல, பாசன நீரைப் பகிர்ந்துகொள்ளும் சமூகங்களைப் பற்றியவை. நம் ஏரிக்கரைகளில் நின்றிருந்தால் அவருக்கு மேலும் சில சான்றுகள் கிடைத்திருக்கும்.

கோட்டையையும் பொது நீரையும் சேர்த்தே காத்த ஊர்கள் வெளிநாடுகளில் உண்டு. இத்தாலியின் உம்பிரியா பகுதியில் ஸ்போலேட்டோ என்ற சிறிய மலை நகரம் இருக்கிறது. அதன் உச்சியில் உள்ள கோட்டையைக் கட்டும் பணி 1359-இல் தொடங்கியது. எதிர் மலையிலிருந்து பள்ளத்தாக்கைக் கடந்து நீர் கொண்டுவர, சுமார் 80 மீட்டர் உயரமும் 230 மீட்டர் நீளமும் கொண்ட கல் பாலம் எழுப்பப்பட்டது. அந்தக் கோட்டை 1982 வரை சிறைச்சாலையாக இருந்தது, இன்று அருங்காட்சியகம். சந்தைச் சதுக்கத்தில் 18-ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட நீரூற்று, ஊர் மக்கள் கூடும் இடமாக இன்றும் இருக்கிறது.

இத்தாலியத் தலைநகர் ரோமில் 1874 முதல் தெருவோரங்களில் வைக்கப்பட்ட வார்ப்பிரும்புக் குடிநீர்க் குழாய்கள் இன்று ஏறத்தாழ 2,500 உள்ளன. அவற்றின் வளைந்த குழாய் வடிவத்தைப் பார்த்து 'பெரிய மூக்கு' என்று மக்கள் செல்லமாக அழைக்கிறார்கள். கோடிக்கணக்கில் வரும் பயணிகளும், அந்த நகரின் ஏழைகளும் ஒரே குழாயில் காசின்றி நீர் அருந்துகிறார்கள்.

இதற்காக இத்தாலிக்குப் போக வேண்டியதில்லை என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான், புதுச்சேரி போதும். அங்கு பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபம், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்தரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் கொண்டுவரப்பட்டதன் நினைவாக எழுப்பப்பட்டது. தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டியதாக மரபுக் கதை போற்றும் ஆயி என்ற பெண்ணின் பெயரை அது தாங்கி நிற்கிறது. ஒரு தேவதாசியின் பெயரால் ஐரோப்பியப் பேரரசு ஒன்று நீர்ச் சின்னம் எழுப்பியது. இன்று புதுச்சேரி அரசின் இலச்சினையில் இருப்பதும் அந்த மண்டபமே.

அதே புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் அழகிய கல் தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுசென்றவை. செஞ்சியின் கலைச்செல்வம் வெளியூருக்கு அழகு சேர்த்தது. செஞ்சிக்கு எஞ்சியது வெற்றிடம். இந்த வரலாறு வேறொரு வடிவில் இன்றும் தொடர்கிறதோ என்பதே என் கவலை.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? உலகப் பாரம்பரியத் தகுதி என்பது பணமுடிப்பு அல்ல. அதனால் யுனெஸ்கோவிடமிருந்து ஆண்டுதோறும் நிதி வந்து கொட்டாது. காக்கும் பொறுப்பு அந்தந்த நாட்டினுடையது. செஞ்சிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. நுழைவுக் கட்டணம் மத்திய அரசின் கணக்கில் சேர்கிறது. பயணிகள் பெருகும்போது, அவர்களுக்கான குடிநீர், கழிப்பறை, குப்பை அகற்றல், போக்குவரத்து ஆகியவற்றின் சுமையோ செஞ்சி நகரின் உள்ளாட்சியின் மீது விழுகிறது. வரவு ஓரிடம்; செலவு வேறோரிடம்.

இத்துடன் முடியவில்லை. 1958-ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டத்தில் 2010-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். இந்த விதி தேவையானது. அது இல்லாவிட்டால் மதிலோரம் முழுவதும் விடுதிகள் முளைத்துவிடும். ஆனால், அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மதிலோரம் சிறு வீடும் சிறு நிலமும் வைத்திருப்பவர்கள்தான் கொடுக்கிறார்கள். பெருமை நாடு முழுமைக்கும். கட்டுப்பாடு ஒரு சில தெருக்களுக்கு. பயன் பரவலாகவும் இழப்பு குவியலாகவும் இருக்கும்போது, இழப்பவர்களுக்கு ஈடு செய்வது சலுகையல்ல, நீதி.

எங்கள் ஊரில் பிறந்த பழமொழி ஒன்று உண்டு. திருமுதுகுன்றத்தில் பெற்ற பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்ற வழக்கு அதிலிருந்து வந்தது. சுந்தரருக்கு இறைவன் துணை இருந்ததால் போட்ட பொன் குறையாமல் கிடைத்தது. செஞ்சியில் வாங்கும் கட்டணத்தைத் தில்லியில் போட்டுவிட்டுச் செட்டிக்குளத்தில் தேடினால், அது அப்படியே கிடைக்கும் என்று நம்புவதற்கு நமக்கு எந்த ஆதாரமும் இல்லை.

எனவே, சில ஆலோசனைகளை முன்வைக்கிறேன். முதலாவது, கோட்டையின் நீரமைப்பை முழுமையாக ஆவணப்படுத்த வேண்டும். சுனைகள், தொட்டிகள், குளங்கள், வாய்க்கால்கள், எஞ்சியுள்ள மண் குழாய்கள் அனைத்தையும் அளந்து, படமெடுத்து, பொதுவில் வைக்க வேண்டும். ஆவணத்தின் மதிப்பை விருத்தாசலம் அனுபவத்தில் அறியும். எங்கள் விருத்தகிரீசுவரர் கோயிலிலிருந்து களவுபோன அர்த்தநாரீசுவரர் சிலை ஆஸ்திரேலியக் கலைக்கூடம் ஒன்றில் இருந்து 2014-இல் திரும்பி வந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய நிழற்படமே அது எங்கள் ஊர்ச் சிலை என்பதற்குச் சான்றானது. படம் இல்லாதிருந்தால் சிலை வந்திருக்காது.

இரண்டாவது, நுழைவுக் கட்டணத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கு செஞ்சியின் உள்ளாட்சிக்கு, குறிப்பாக நீர்நிலைப் பராமரிப்புக்கும் பொதுக் குடிநீருக்கும், சட்டப்படி வழங்கப்பட வேண்டும். ஆண்டுதோறும் வேண்டிக் கேட்டுப் பெறும் மானியமாக அது இருக்கக் கூடாது. தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் விட்டதைப் போல, கேட்காமலே வந்து சேரும் வருவாயாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, குளங்களின் பராமரிப்பில் சுற்றுப்புற மக்களுக்குக் கூலியும் குரலும் தர வேண்டும். குடிமராமத்து என்ற பெயரைத் தமிழக அரசு 2017-இல் மீட்டெடுத்தது. பெயரில் உள்ள 'குடி' உண்மையில் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறதா என்பதே அத்தகைய திட்டத்தின் உரைகல்.

நான்காவது, கோட்டை வாயிலிலும் மலைப்பாதையின் தொடக்கத்திலும், செஞ்சி நகரின் பேருந்து நிலையத்திலும் சந்தையிலும், காசின்றிக் குடிக்கத்தக்க பொதுக் குடிநீர் மேடைகள் வேண்டும். நூற்றுக்கணக்கான படிகள் ஏறும் பயணி நெகிழிப் புட்டியுடன் ஏறுகிறார். பெரும்பாலும் அதை மேலேயே விட்டு இறங்குகிறார். அந்த மேடைகளுக்கான பீங்கான் ஓடுகளையும் தொட்டிகளையும் விருத்தாசலத்துச் சூளைகளிடம் கேட்டு வாங்கலாம். குஜராத்தின் மோர்பியில் குவிந்துவிட்ட பெருந்தொழிலோடு விலையில் போட்டியிட எங்கள் ஊர்ச் சிறு சூளைகளால் இயலாது. ஆனால், தரம் வகுத்து, தொடர்ச்சியாகக் கொள்முதல் செய்யும் ஒரு பொது வாடிக்கையாளர் கிடைத்தால் அவை நிமிர முடியும்.

இதற்கெல்லாம் பணம் ஏது என்ற கேள்வி எழும். புதிய மதில் கட்டச் சொல்லவில்லை. சிலை வைக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே இருப்பதைக் காக்கும் செலவு இது. இடிந்த பிறகு மீட்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகையே. வீட்டுக் கூரையில் ஓர் ஓடு நழுவியதும் மாற்றுபவர், உத்தரம் இற்றுப்போகும் வரை காத்திருப்பவரைவிடக் குறைவாகவே செலவழிப்பார். இதைப் புரிந்துகொள்ளப் பொருளியலில் பட்டம் தேவையில்லை.

அந்த மாணவி இன்று ஒரு பள்ளியில் ஆசிரியை. சில மாதங்களுக்கு முன்பு கடைவீதியில் சந்தித்தபோது, தன் மாணவர்களைச் செஞ்சிக்கு அழைத்துச் செல்ல இருப்பதாகச் சொன்னார். ''இந்த முறை விடை தெரிந்துதானே போகிறாய்?'' என்றேன். ''தெரியும் ஐயா. ஆனால், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். அங்கே கிடைக்குமா என்பதுதான் தெரியவில்லை'' என்றார்.

எட்டு ஆண்டு முற்றுகையைத் தாங்கும் அளவுக்கு நீர் வைத்திருந்த கோட்டை அது. அதன் வாயிலில், பள்ளிப் பிள்ளைகள் கையேந்தி அருந்த ஒரு குழாய் எப்போதும் ஓட வேண்டும். உலகப் பாரம்பரியம் என்ற பெயருக்குச் செஞ்சியில் நாம் செய்யும் முதல் மரியாதை அதுவாக இருக்கட்டும்.